அகழ்வு அனுமதிக்கு முன் காணிகளை வகைப்படுத்த வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மணல் அகழ்வு பற்றிய செய்தி இல்லாமல் ஒரு மாதம் கழிவது அரிது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய டிப்பர் பிடிபட்டது, ஊர்மக்கள் வீதியை மறித்தார்கள், ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் வாக்குவாதம் நடந்தது என்று படிக்கிறோம். சில வாரங்களில் அதே இடத்தில் அதே பிணக்கு மறுபடியும் தலைதூக்குகிறது. கண்காணிப்புப் போதாது என்று பலரும் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால், எந்தக் காணியில் மணலோ கிரவலோ கல்லோ எடுக்கலாம், எந்தக் காணியில் எக்காலத்திலும் கைவைக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து வகுத்த வரைபடம் ஒன்று மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதை நான் இதுவரை கண்டதில்லை. அது இல்லாதவரை எந்தக் கண்காணிப்பும் அரைகுறையாகவே இருக்கும் என்பது கட்டட வேலைகளை நீண்டகாலம் மேற்பார்வை செய்தவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து.

1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி நிலத்தடிக் கனியங்களின் உரிமை அரசுக்குரியது. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல், சொந்தக் காணியிலும் மணல் அகழ்ந்து விற்க முடியாது. சட்டம் நல்ல சட்டந்தான். ஆயினும் நடைமுறை விண்ணப்பதாரரிடமிருந்தே தொடங்குகிறது. ஒருவர் ஒரு காணித்துண்டுக்கு விண்ணப்பிக்கிறார், அதிகாரிகள் அந்தத் துண்டை மட்டும் பார்க்கிறார்கள், ஆட்சேபம் இல்லையென்றால் அனுமதி கிடைக்கிறது. அடுத்த துண்டுக்காரர் விண்ணப்பிக்கும்போது முதல் துண்டில் ஏற்கனவே எத்தனை கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மணல் போய்விட்டது என்ற கணக்கும், இரண்டும் சேர்ந்து அயற் கிணறுகளை என்ன செய்யும் என்ற கேள்வியும் எவருடைய மேசையிலும் இருப்பதில்லை. 2019 டிசெம்பரில் மணலும் மண்ணும் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிப்பத்திர முறையே நீக்கப்பட்டபோது, வாகனத்தை மறிப்பதை மட்டும் நம்பியிருக்கும் பாதுகாப்பு ஒரே முடிவில் கலைந்துவிடக்கூடியது என்பதைக் கண்கூடாகக் கண்டோம்.

குடாநாட்டில் இது ஏன் மற்ற மாவட்டங்களைவிடக் கூர்மையான பிரச்சினை என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் மணலின் இடைவெளிகளிலும் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அதைத்தான் ஆண்டு முழுவதும் இறைத்துக் குடிக்கிறோம், தோட்டம் செய்கிறோம். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட விதி. அதன் மறுபக்கமும் உண்மை: மேலே ஓரடி குறைந்தால், கீழிருந்து உவர் 40 அடி மேலேறும். வடமராட்சி கிழக்கில் மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் என்று கரையோரமாக நீளும் மணற்பரப்பு அந்த ஊர்களின் நீர்த்தொட்டியாகும். அங்கு மணல் அள்ளிய குழி ஒன்றின் விளிம்பில் நின்று பார்த்தால் விளங்கும். பனையின் வேர்த்தூர் முழங்கால் உயரத்துக்கு வெளியே தொங்குகிறது; தோண்டும் இயந்திரத்து வாளியின் பற்கள் கீறிய தடம் சுவரில் அப்படியே இருக்கிறது; அடியில் பாசி படிந்த நீர் நிற்கிறது. அந்த நீர் மழைவெள்ளமன்று. மணலுக்குள் வெயில் படாமல் இருந்த நிலத்தடி நீர்தான் இப்போது திறந்து கிடந்து, சோளகக் காற்றில் நாளுக்கு நாள் வற்றுகிறது. அதே வடமராட்சி கிழக்கில், தாளையடியில், கடல் நீரை நன்னீராக்கி நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் வழங்கும் பெருந்திட்டம் 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. ஒருபுறம் பெருஞ்செலவில் கடலிலிருந்து நன்னீர் எடுத்துக்கொண்டு, மறுபுறம் இயற்கை செலவின்றிச் சேர்த்துவைத்த நன்னீரின் இருப்பிடத்தை லோட் லோடாக விற்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1975 இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றின்படி, மாநிலப் புவிச்சரிதவியலாளர் முதலில் நிலத்தை வகைப்படுத்துகிறார். பெறுமதியான கனியப் படிவு இல்லை என்று தெரிந்த நிலம், உண்டு என்று தெரிந்த நிலம், படிவு இருந்தும் அதன் பெறுமதியைத் தீர்மானிக்க முடியாத நிலம், போதிய தகவலே இல்லாத நிலம் என நான்கு வகை. காணி யாருடையது, இன்று அங்கே என்ன இருக்கிறது என்பவற்றைப் பாராமல், நிலத்துக்கடியில் உள்ளதை மட்டும் வைத்து இது செய்யப்படுகிறது. அடுத்த 50 ஆண்டுகளுக்கு அந்தப் பிராந்தியத்துக்கு எவ்வளவு மணலும் கல்லும் தேவைப்படும் என்றும் மதிப்பிடுகிறார்கள். அதன்பிறகு வேறொரு சபை, மக்களின் கருத்தைக் கேட்டு, பிராந்தியத்துக்கோ மாநிலத்துக்கோ முக்கியமான படிவுகளைப் பெயர் குறித்து அறிவிக்கிறது. உள்ளூராட்சி மன்றங்கள் 12 மாதங்களுக்குள் அதைத் தங்கள் திட்டங்களில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதில் நான் முக்கியமாகக் கருதுவது, அவ்வாறு அறிவிக்கப்பட்டதால் மட்டும் யாரும் மண்வெட்டியை எடுத்துவிட முடியாது என்பதாகும். அகழ்வு அனுமதியும், நிலத்தை மீளச் சீரமைக்கும் திட்டமும், அதற்கான நிதி உத்தரவாதமும் தனித்தனியே பெறப்பட வேண்டும்.

அந்த வகைப்படுத்தலின் முக்கிய அக்கறை, நல்ல படிவுகளின்மேல் நகரம் பரவி அவை பயன்படாமல் போய்விடக் கூடாது என்பது. எங்கள் நிலைமை வேறு. இங்கே படிவு கிடக்கும் இடமே குடிநீர் கிடக்கும் இடம். ஆகவே முறையை எடுத்துக்கொண்டு, நிலத்தடி நீரையும் ஓர் அளவுகோலாகச் சேர்க்க வேண்டும்.

மணலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போருக்குப் பின் எத்தனையோ குடும்பங்கள் கூரை கண்டது மணலாலும் சீமெந்தாலும்தான். எடுக்கக்கூடிய இடம் இன்னதென்று நேர்மையாகக் காட்டாமல் தடையை மட்டும் போட்டால், வீடு கட்டுபவர் இரவில் வரும் லோட்டுக்கு இரட்டை விலை கொடுக்க நேரிடுகிறது. தரம் பார்த்து வகைப்படுத்தினால் வேறொரு நன்மையும் உண்டு. கரையோர மணற்குன்றின் நுண்ணிய மணல் பூச்சு வேலைக்கு ஏற்றதே தவிர, கொங்கிறீற்றுக்குப் பருமணல் வேண்டும்; இருந்தும் அந்த நல்ல மணலைப் பள்ளக்காணி நிரப்பவும் அத்திவாரத்துக்குள் கொட்டவும் கண்டிருக்கிறேன். கட்டட மணலை நிரப்புவேலைக்குப் பயன்படுத்துவதை நிறுத்தினாலே தேவை கணிசமாகக் குறையும்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. குடாநாட்டின் அடிப்பாறை சுண்ணாம்புக்கல் என்பதால் எங்கள் வீதிகளுக்கும் கொங்கிறீற்றுத் தட்டுகளுக்குமான கருங்கற் சல்லி வன்னியிலிருந்து வருகிறது. கிரவலும் அங்கிருந்தே வருகிறது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பாதுகாப்பு என்று அறிவித்துவிட்டு, கிளிநொச்சி மாவட்டத்தின் கிளாலியையும் கௌதாரிமுனையையும் தோண்டச் சொல்வது நியாயமாகாது. வகைப்படுத்தல் வடமாகாணம் முழுவதற்கும் ஒரே அளவுகோலில் நடைபெற வேண்டும்.

கல் அகழ்வு பற்றியும் ஒரு வார்த்தை. 1990 இல் மூடப்பட்ட காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பெருங்குழிகள் இன்றும் வாய்பிளந்து கிடக்கின்றன. மீளச் சீரமைப்பதற்கான வைப்புப்பணம் குழியை நிரப்பும் உண்மையான செலவுக்குக் குறைவாக இருக்குமானால், பணத்தை விட்டுவிட்டுப் போவதே அகழ்பவருக்கு இலாபம் என்பதை அதிகாரிகள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் எங்கள் பிரதேச சபைகள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளுடன் இயங்குகின்றன. சபைகள் தீர்மானம் நிறைவேற்றி, சுரங்கப் பணியகத்தையும் நீர்வளச் சபையையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் புவியியற்றுறையையும் ஒன்றாக அழைத்து, முதலில் வடமராட்சி கிழக்குக்கான மருதங்கேணிப் பிரதேச செயலகப் பிரிவில் இந்த வேலையைத் தொடங்கும்படி கேட்க வேண்டும். கிராம அலுவலர் பிரிவு வாரியாக, இதுவரை வழங்கிய அனுமதிகளும் எடுக்கப்பட்ட கியூப் கணக்கும் அந்த வரைபடத்தில் தமிழில் குறிக்கப்பட்டு, கிராம அலுவலர் அலுவலகச் சுவரில் தொங்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க மக்களுக்குப் போதிய காலம் கொடுக்க வேண்டும். அது முடியும்வரை மணற்குன்றுகளிலும், குடிநீர்க் கிணறுகள் உள்ள மணற்பரப்புகளிலும் புதிய அனுமதிப்பத்திரம் எதையும் வழங்காதிருக்குமாறு மாவட்டச் செயலாளரையும் சுரங்கப் பணியகத்தையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
பருத்தித்துறை.