முன்னால் நின்ற இரண்டு சுழிகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவின் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நீயே பக்கத்தில் இருந்து விடு. மறதியில் அவர் உனக்கே ஆசான்.

இனி, கோப்புறையில் யாருக்கு என்ன அனுமதி என்று பார்க்க பெர்ல் என்ற நிரல் மொழியில் நீ எழுதிய ஸ்கிரிப்ட். முழு உரிமை பெற்ற நிர்வாகிகள் குழுவுக்கே ‘படிக்க அனுமதி இல்லை’ என்று அறிக்கை தருகிறது, விண்டோஸ் பொய் சொல்கிறது என்று எழுதியிருந்தாய். நானும் முதலில் விண்டோஸைத்தான் திட்டினேன், பழக்கதோஷம்.

விண்டோஸ் ஒவ்வோர் அனுமதியையும் ஓர் எண்ணாக வைக்கிறது. முழு உரிமைக்கு எண் 2032127. படிக்கும் உரிமைக்கு 1179785. படிக்கும் உரிமையின் பிட்டுகள் (எண்ணை 0, 1 என்று எழுதும்போது வரும் 1-கள்) அனைத்தும் முழு உரிமைக்குள் அடக்கம். ஆகவே, பொதுவான பிட்டுகளை மட்டும் எடுக்கும் குறியை இரண்டுக்கும் நடுவே, அதாவது & என்று, போட்டால் 1179785 அப்படியே திரும்பி வரவேண்டும். அச்சிட்டுப் பார்த்தேன். 0030105 என்று வந்தது!

எந்த எண்ணாவது தனக்கு முன்னால் சுழிகளைச் சுமந்துகொண்டு வருமா? அங்கேதான் பிடிபட்டது. நேற்றைய அனுமதிகளை நீ உரைக்கோப்பிலிருந்து படிக்கிறாய். ஒப்பிடும் எண்ணையும் இன்னொரு கோப்பிலிருந்து. பெர்லுக்கு இரண்டும் வெறும் எழுத்துச் சரங்கள். இருபுறமும் சரமாக இருந்தால் & எண் மதிப்பைப் பார்ப்பதே இல்லை; எழுத்துக்கு எழுத்தாக, அவற்றின் குறியீட்டில் பொதுவான பிட்டுகளை எடுக்கிறது. ‘2’, ‘1’ என்ற எழுத்துகளுக்குப் பொதுவாக மிஞ்சுவது ‘0’. கோப்புறையிலிருந்து நேரடியாகப் படித்த நாளில் விடை சரியாக வந்ததும் இதனால்தான். அப்போது அனுமதி எண்ணாகவே வந்தது. ஒருபுறம் எண் இருந்தாலே போதும்.

இரண்டோடும் 0 கூட்டினேன்; கூட்டினால் பெர்ல் அவற்றை எண்ணாக எடுத்துக்கொள்ளும். தீர்ந்தது. பெர்ல் 5.28 பதிப்பு என்று ஸ்கிரிப்டின் தலையிலேயே அறிவித்துவிட்டால் & எப்போதும் எண்களுக்கு மட்டும்தான். உன் அலுவலகத்தில் இருப்பது அதைவிடப் பழையது என்பதால் அந்த வழியில் போகவில்லை.

கோப்பில் எழுத முடியுமா என்று பார்க்க, பெர்லின் -w என்ற சோதனைக் குறியை ஓரிடத்தில் நம்பியிருந்தாய். விண்டோஸில் அது ‘படிக்க மட்டும்’ என்ற அடையாளத்தோடு நின்றுவிடும், யாருக்கு என்ன உரிமை என்ற அனுமதிப் பட்டியலைத் தொடாது. அதை எடுத்துவிட்டேன்.

திருத்திய பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாறியவை மூன்றே வரிகள். பொங்கலுக்கு வரும்போது, விடுதியை விட்டுக் கிளம்பிய அன்று ‘இரண்டு நாளில் தருகிறேன்’ என்று வாங்கிப்போன என் பெர்ல் புத்தகத்தையும் எடுத்துவா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்