கழிவு ஹோஸ் என்று விற்றது தோட்டத்து ஹோஸ்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்: ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர், குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: படகுக் கழிப்பறைக்கான 38 மி.மீ. கழிவு ஹோஸ், 12 மீட்டர் – நாற்றம் கசிவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

உங்கள் மூன்றாவது பதில் நேற்று வந்தது. மலைப்பகுதியின் கடுங்குளிரில் பயன்படுத்தியதால் ஹோஸ் கெட்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்சல் வந்த முகவரி குன்னூர் என்பதால் படகும் இங்கேதான் ஓடுகிறது என்று உங்கள் அலுவலகத்தில் யாரோ முடிவு கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் படகு என்றால் ஊட்டி, பைக்காரா ஏரிகளில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் விடும் மிதி படகும் மோட்டார் படகும்தான். அரை மணி நேரச் சவாரிக்கு யாரும் கழிப்பறை கட்டுவதில்லை. நானும் இரண்டு நண்பர்களும் பங்கு போட்டு வாங்கிய 28 அடிப் பாய்மரப் படகு கொச்சியில், போல்காட்டி மெரினாவில் நிற்கிறது. அங்கே குளிர் என்று ஒன்று கிடையாது. உங்கள் ஹோஸ் குன்னூரில் இருந்தது மூன்றே வாரம். அதுவும் அட்டைப்பெட்டியோடு என் கட்டிலுக்கு அடியில்.

ஜனவரியில் மீட்டர் 1,450 ரூபாய் வீதம் 12 மீட்டருக்கு 17,400 ரூபாய் கட்டினேன். ‘கழிவுநீருக்கென்றே செய்தது, ஐந்து வருடம் நாற்றம் வராது’ என்பது உங்கள் விளம்பரம். பிப்ரவரியில் பழைய ஹோஸைக் கழற்றினோம். அதை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தபோது உள்ளே சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்து, 38 மி.மீ. துவாரம் பாதியாகச் சுருங்கியிருந்தது. கிணற்று நீர் கொதித்த கெட்டிலைத் தட்டினால் வருமே, அதேபோல் ஓடு ஓடாக உதிர்ந்தது. அடைப்பால்தான் அதை மாற்றினோம், நாற்றத்தால் அல்ல. பத்து வருடத்துக்கு மேல் ஓடியும் அதன் வெளிச்சுவரில் வாடை இல்லை.

உங்கள் ஹோஸை மாட்ட இரண்டு நாள் ஆனது. படகில் கட்டில் பலகைக்கு அடியில் ஒரு ஆள் குப்புறப் படுத்தால்தான் கை எட்டும். முனையைக் கொதிநீரில் முக்கி இளக்கி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினோம். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு ஸ்டீல் கிளிப். இந்த வேலையை 62 வயதில் இரண்டாம் தடவை செய்யவேண்டும் என்பதுதான், பணத்தைவிட எனக்குப் பெரிய வருத்தம்.

மே மாதம் படகுக்குள் இறங்கியதும் மூக்கைப் பிடிக்கவேண்டியதாயிற்று. கிளிப்பை இறுக்குங்கள் என்றது உங்கள் முதல் பதில். சரி, இறுக்கினோம். அப்புறம் எல்லா இணைப்புகளிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி ஒரு இரவு விட்டுப் பார்த்தோம். காலையில் ஒன்றுகூட நனையவில்லை. கடல்நீரில் உள்ள சிற்றுயிர்கள் செத்து வரும் வாடையாக இருக்கும் என்றது இரண்டாவது பதில். முப்பது வருடம் கப்பலில் இருந்தவனுக்கு அந்த அழுகின முட்டை வாடை தெரியாதா? கடல்நீர் உள்ளே வரும் குழாயில் நீர் தேங்கி நின்றால் அது உண்டாகும். நாலு தடவை பம்ப் அடித்தால் போய்விடும். இது போகவில்லை. நல்ல தண்ணீர் விட்டு அலசிய பிறகும் போகவில்லை.

கடைசியில், இந்த வேலை தெரிந்த எவரும் செய்யும் சோதனையைச் செய்தோம். துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஹோஸின் மேல் சுற்றி, ஆறியதும் எடுத்து முகர்ந்து பார்ப்பது. கழிவு டேங்க் மீதும் பம்ப் மீதும் சுற்றிய துணிகளில் சோப்பு வாசனைதான் இருந்தது. உங்கள் ஹோஸில், கீழிருந்து மேலே ஏறும் பகுதியில் சுற்றிய துணியை என் நண்பர் முகர்ந்துவிட்டு நேராக மேல்தளத்துக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் எப்படி அலசினாலும் கொஞ்சம் கழிவு தேங்கத்தான் செய்யும். அப்படித் தேங்குவதன் நாற்றம் சுவர் வழியாக ஊடுருவாமல் இருக்கத்தானே கழிவு ஹோஸ் என்று தனியாக ஒன்றைச் செய்கிறார்கள்?

ஒன்றரை அடித் துண்டை வெட்டி, இரண்டு பையில் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தேன். பர்லியாறு சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பையைத் திறந்த தம்பி, ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டில் என் மனைவி அதை வாசப்படி தாண்ட விடவில்லை.

மறுநாள் அந்தத் துண்டை எங்கள் மார்க்கெட் பக்கத்து ஹார்டுவேர் கடையில் காட்டினேன். கடைக்காரர் கையில் வாங்கக்கூட இல்லை. “இது நம்ம கேத்தி பக்கம் கேரட் தோட்டத்துல மோட்டாருக்குப் போடற சக்‌ஷன் ஹோஸ்தானே சார், வெள்ளையில வந்திருக்கு, அவ்ளோதான்” என்று சொல்லி, பச்சை நிறத்தில் ஒரு சுருளை எடுத்துப் போட்டார். மீட்டர் 180 ரூபாய். அதே சுருள் வரி, அதே சுவர்க் கனம், மடக்கினால் அதே இடத்தில் அதே நெளிவு. தண்ணீர் இழுக்க அது நல்ல ஹோஸ்தான். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நான் கழற்றிய பழைய ஹோஸின் மேல் நெடுகிலும் தயாரிப்பாளர் பெயர், அளவு, எந்த உபயோகத்துக்கு என்பதெல்லாம் அச்சடித்திருந்தது. உங்களுடையதில் ஒரு எழுத்துகூட இல்லை. சுருளைக் கட்டிய பிளாஸ்டிக் நாடாவில் மட்டும் உங்கள் ஸ்டிக்கர் இருந்தது. ஜனவரியிலேயே நான் அதைக் கவனித்திருக்கவேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது என்ன ஹோஸ் என்று சொல்லி விற்கும் பொறுப்பு உங்களுடையது.

ஆகவே 17,400 ரூபாயை முழுவதுமாகத் திருப்பித் தாருங்கள். கழற்றி மாட்டுவதற்கு இரண்டு நாள் ஆள் கூலி 3,000 ரூபாயும், குன்னூரிலிருந்து கொச்சிக்கு ஒரு தடவை போய்வரும் செலவும் தாருங்கள். பதிலுக்கு வேறு ஹோஸ் அனுப்புவதாக உங்கள் பிரதிநிதி போனில் சொன்னார். வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஊட்டியில் உள்ள மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. எனக்கு அது ஒரு பஸ் டிக்கெட் தூரம். உங்களுக்குத்தான் மலை ஏற வேண்டியிருக்கும்.

பில் நகலும், இரண்டு ஹோஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படங்களும், உங்கள் மூன்று பதில்களும் இத்துடன் உள்ளன. அந்த ஒன்றரை அடித் துண்டு வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில், மூடி போட்ட பெயின்ட் டப்பாவில் இருக்கிறது. சோதித்துப் பார்க்க ஆள் அனுப்புவதானால் பகலில் அனுப்புங்கள், முன்கூட்டியே போன் செய்யச் சொல்லுங்கள். டப்பாவோடு எடுத்துப் போகலாம். டப்பா திரும்ப வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
குன்னூர்.