விரைவு நடைக் குழுவின் தொண்டூழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொண்டூழியர்களுக்கு,

வணக்கம். மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலைகளில் உங்களோடு நடந்து வருபவள் நான். அண்மைக் காலமாக, நிறைய வியர்த்தால் நிறையக் கொழுப்புக் கரையும் என்று சொல்லி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் மேல்சட்டை அணிந்துவரப் பரிந்துரைக்கிறீர்கள். அந்தப் பரிந்துரையை மீட்டுக்கொள்ளுமாறு கேட்கவே இம்மடல்.

நடக்கும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழக் கால்பங்குதான் உடலை நகர்த்துகிறது, மீதி வெப்பமாகிறது. ரத்தம் சூடேறுவதை உணரும் மூளையின் ஹைப்போதலாமஸ், தோலுக்கடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரித்து, வியர்வைச் சுரப்பிகளையும் முடுக்கிவிடுகிறது. இதனால், வழக்கமாக 37 டிகிரி செல்சியசை ஒட்டியிருக்கும் உடலின் உள்வெப்பநிலை, மிதமான பயிற்சியில் 38-ஐ நெருங்கியபின் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். காய்ச்சலில் மூளையே தன் இலக்கு வெப்பநிலையை உயர்த்திக்கொள்கிறது. நடக்கும்போது இலக்கு மாறுவதில்லை, உண்டாகும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாகும் புள்ளியில் ஏற்றம் நிற்கிறது.

அந்தச் சமநிலையைத்தான் பிளாஸ்டிக் சட்டை குலைக்கிறது. வியர்ப்பதனால் உடல் குளிர்வதில்லை, வியர்வை ஆவியாவதனால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலிலேயே ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். அதே வியர்வை சொட்டித் தரையில் விழுந்தால் பயன் மிகச் சொற்பம். விடியற்காலையில் நம் சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் பல நாள்களில் 90 விழுக்காட்டைத் தாண்டுவதால், பருத்திச் சட்டை போட்டவருக்கே வியர்வை காய மறுக்கிறது.

சென்ற வாரம் நடை முடிந்ததும் ஓர் அக்கா அந்தச் சட்டையைக் கழற்றியபோது, அதன் கை மடிப்பிலிருந்து வியர்வை கொட்டியது. முகம் சிவந்து, தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க முடியாமல் அவர் விரல்கள் நடுங்கின. எடை அரைக் கிலோ குறைந்திருந்ததில் அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் குறைந்தது கொழுப்பன்று, இரண்டு குவளைத் தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும்.

தேசியச் சுற்றுப்புற வாரியம் 2023 முதல் அறிவித்துவரும் வெப்ப உளைச்சல் நிலையைப் புறப்படுமுன் பார்ப்பது நல்லது, குறிப்பாக மாலை நடைகளுக்கு. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குவதால், மூத்தோர் கேட்காவிட்டாலும் நடுவழியில் தண்ணீருக்காக நிற்க வேண்டும். அடுக்குமாடிப் புளோக்குகளுக்கு இடையிலுள்ள காற்றோட்டமற்ற பாதையை விட்டுக் கால்வாயோரம் நடக்கலாமா என்பதையும் பரிசீலியுங்கள். வரும் சனிக்கிழமைக்கான குறுஞ்செய்தியிலேயே மேல்சட்டை வேண்டாம் என்று அறிவித்தால், புதிதாக ஒன்றை வாங்கவிருக்கும் சிலருக்குப் பணமும் மிஞ்சும்.

இப்படிக்கு,
உங்கள் சனிக்கிழமை நடைத் தோழி