செயலாளர் ஆண்டறிக்கை: சார்ல்ஸ்டவுன் ஊர் வரலாற்றுப் பணி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் சங்கத்தின் பெரியோர், தாய்மார், இளைஞர் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தைப்பூசக் காவடியும் புரட்டாசிப் பூசையும் குறைவில்லாமல் நடந்தன. ஞாயிறு தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்கள், சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் போதவில்லை. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய வேலை சார்ல்ஸ்டவுன் வரலாற்றைத் தொகுத்ததுதான். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், நியூகாசிலில் இருந்து வடக்கே போனால், 1881-இல் டச்சு வழி வந்த வெள்ளையரான போயர்களும் ஆங்கிலேயர்களும் மோதிய லாயிங்ஸ் நெக், மஜூபா மலைகளைத் தாண்டி வரும் சின்ன ஊர் அது. நேட்டால் ஆளுநர் சர் சார்ல்ஸ் மிட்செலின் பெயரைக் கொண்டது. 1891-இல் ரயில் இங்கே வந்து நின்றது. அதற்கு அப்பால் டிரான்ஸ்வால், அப்போது போயர்களின் தனி நாடு. 1893-இல் காந்தி இந்த ஊர் வரை ரயிலில் வந்து, இங்கிருந்துதான் ஜோகன்னஸ்பர்க் போகக் குதிரை வண்டி ஏறினார். பாதை வடக்கே நீண்டதும் கடைசி நிலையம் என்ற மவுசு போனது. 1910-இல் நேட்டாலும் டிரான்ஸ்வாலும் ஒரே தென்னாப்பிரிக்க ஒன்றியத்தில் சேர்ந்ததும் எல்லைக்கும் பழைய வேலை இல்லை; ஆனாலும் இந்தியர்கள் அனுமதி இல்லாமல் அதைத் தாண்டக் கூடாது.

1913 நம்மவர்களுக்குத் தெரிந்த கதை. ஒப்பந்தக் கூலி முடிந்த இந்தியர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு தலைவரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள், தமிழர்கள் பலர் உட்பட, 36 மைல் நடந்து இங்கே வந்தார்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. பெண்களையும் குழந்தைகளையும் வீடுகளில் தங்கவைத்தார்கள், ஆண்கள் வெட்டவெளியில் படுத்தார்கள். உள்ளூர் வியாபாரிகள் அண்டாவும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். சமையலுக்குத் தலைமை காந்தி. பருப்பில் சில நாள் தண்ணீர் அதிகம், சில நாள் வேகவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். நவம்பர் 6 காலையில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் புறப்பட்டு, ஒரு மைல் தூரத்தில் இருந்த எல்லை ஓடையைத் தடையை மீறித் தாண்டி, டிரான்ஸ்வால் பக்கத்து ஊரான வோல்க்ஸ்ரஸ்டுக்குள் நுழைந்தார்கள். வழிச்சாப்பாடு ஆளுக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. நடந்தவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அண்டா கொடுத்த ஊரைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் குறை.

அதோடு நிறுத்திவிடலாம் என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. 1913-க்குப் பிறகும் அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். ஆப்பிரிக்கக் குடும்பங்கள் மனை வாங்கி, கையில் பத்திரத்தோடு குடியிருந்தன. இனஒதுக்கல் அரசு அந்த நிலத்தைக் 'கறுப்புப் புள்ளி', அதாவது வெள்ளையர் பகுதிக்கு நடுவே கறுப்பர் கையில் இருக்கும் நிலம், என்று முத்திரை குத்தி, அவர்களை நியூகாசில் பக்கம் மடடேனி, ஒசிஸ்வேனி போன்ற இடங்களுக்கு அகற்றியது. 1994-இல் வந்த நில மீட்புச் சட்டத்துக்குப் பிறகுதான் திரும்பிவர வழி பிறந்தது. இதை விட்டுவிட்டு எழுதினால் அது நம் வரலாறாக இருக்கும், ஊர் வரலாறாக இருக்காது.

அதனால் வரும் ஆண்டில், அகற்றப்பட்ட குடும்பங்களின் பெரியவர்களைப் பார்த்து அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யப் பொதுக்குழுவின் ஒப்புதல் கேட்கிறேன். பதிவுக் கருவி ஒன்று வேண்டும், போக்குவரத்துச் செலவும் இருக்கிறது. பழைய ரயில்வே படங்கள், கடைக் கணக்குப் புத்தகங்கள் வீட்டில் இருந்தால் காட்டுங்கள், பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். அப்புறம், ஜூலு நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்