தேர்தலுக்குத் தேர்தல் மாறும் ரயில் பாதை

ஆசிரியருக்கு வணக்கம்.

லண்டனை வடக்கு இங்கிலாந்து நகரங்களோடு இணைக்கத் திட்டமிட்ட எச்எஸ்2 அதிவேக ரயில் பர்மிங்காமுக்கு வடக்கே வராது என்று 2023 அக்டோபர் 4 அன்று அறிவித்தார் அன்றைய பிரதமர் ரிஷி சுனக். அதுவும் மான்செஸ்டரில் நடந்த கட்சி மாநாட்டில். அந்த அரங்கமே ஒரு பழைய ரயில் நிலையம்தான். அங்கே நின்று அதைச் சொன்னது எங்களுக்கு இன்னும் உறுத்துகிறது. எச்எஸ்2இன் லீட்ஸ் நகரக் கிளைப் பாதை 2021லேயே கைவிடப்பட்டது.

2010 முதல் 2024 வரை ஐந்து பொதுத் தேர்தல்கள். இப்படித் திட்டம் மாறிக்கொண்டே இருந்தால், கிடங்கு கட்டவும் ஆள் எடுக்கவும் பத்து வருடக் கணக்குப் போடும் வடக்கு இங்கிலாந்துத் தொழில்காரர் எதை நம்பிப் பணம் போடுவார்?

மான்செஸ்டர் பிக்காடிலி ரயில் நிலையத்தின் 13, 14ஆம் நடைமேடைகளில் காலையில் நின்று பாருங்கள். பயணிகள் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். டிராஃபர்ட் பார்க் தொழிற்பேட்டைக்குப் போகும் கண்டெய்னர் ரயிலுக்கும் அதே தண்டவாளம்தான். கூடுதலாக இரண்டு நடைமேடை கட்டும் திட்டமும் இருந்தது. அதையும் கைவிட்டார்கள்.

செலவு எகிறியது உண்மைதான், சரி. ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் திட்டத்தை நிறுத்தினால் ஏற்கெனவே வாங்கிய நிலமும் வீண், இழந்த வருடங்களும் வீண். இத்தகைய திட்டங்களில் எல்லாக் கட்சிகளும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மான்செஸ்டர்