செங்டுவிலிருந்து அப்பாவுக்கு

செங்டு, சிச்சுவான் மாகாணம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் நான் என்னதான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். ஓய்வு பெறும்வரை பிளஸ் டூ வகுப்புக்கு ஆங்கிலம் நடத்திய உங்களுக்கு மேம்போக்காகப் பதில் எழுத மனம் வரவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு மேல்நிலைப் பள்ளியின் சர்வதேசப் பிரிவில். பக்கத்துக் கட்டடத்துப் பிள்ளைகள் ஜூன் 7-ஆம் தேதி தொடங்கும் காவோகாவோ என்ற தேசிய நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அதன் 750 மதிப்பெண்ணில் 150 ஆங்கிலத்துக்கு உரியது. என்னிடம் வருபவர்கள் இங்கிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்ப் படிக்கவிருப்பவர்கள். அவர்கள் எழுதுவது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற சர்வதேச ஆங்கிலத் தேர்வு; கேட்டல், வாசித்தல், எழுத்து, பேச்சு என்று அதில் நான்கு பகுதிகள். அதில் 9-க்கு 6.5 வாங்கினால்தான் பல பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளும்.

கேட்டலிலும் வாசித்தலிலும் இவர்கள் கெட்டிக்காரர்கள்; தலா 40 கேள்விகள், பயிற்சி கொடுத்தால் போதும். எழுத்துத் தேர்வில் 250 வார்த்தைக் கட்டுரைதான் சிரமம் தரும் என்றாலும், திருத்தித் திருத்தி ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். என் உழைப்பெல்லாம் போவது பேச்சுத் தேர்வுக்கு. தேர்வாளர் எதிரே 11 முதல் 14 நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். நடுவில் ஒரு அட்டையைக் கையில் கொடுத்து, யோசிக்க ஒரு நிமிடம் தந்து, இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேசச் சொல்வார்கள். அந்த அட்டைகளில் வரும் தலைப்புகள் ஆண்டுக்கு மூன்று முறை மாறும். மாறிய உடனேயே, தேர்வு முடித்து வந்தவர்கள் நினைவில் வைத்திருக்கும் கேள்விகளைத் திரட்டி, மாதிரி விடைகளோடு சுற்றுக்கு விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் அவற்றை ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வாளர்களோ ஒப்பிப்பவரை எளிதில் கண்டுகொள்ளப் பயிற்சி பெற்றவர்கள்; ஒப்பித்த விடைக்கு மதிப்பெண் ஏறாது.

போன வாரம் மாதிரித் தேர்வுக்கு வந்த ஒரு மாணவி, தனக்குப் பிடித்த இடம் நூலகம் என்று தங்குதடையின்றிச் சொல்லிக்கொண்டே போனாள். அங்கே எந்தப் பக்கம் உட்காருவாய் என்று கேட்டேன். வாயடைத்துப் போனாள். அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, உன் வீட்டில் யார் சமைப்பார்கள் என்று கேட்டேன். பாட்டி என்றாள். பிறகு, பாட்டி முட்டைக்கோசும் முள்ளங்கியும் ஊறப்போடும் மண்ஜாடியைப் பற்றிச் சொன்னாள். அந்த ஜாடியின் விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி மூடியைக் கவிழ்த்தால் வெளிக்காற்று உள்ளே போகாது. "வாட்டர் நோ ஃபினிஷ், ஏர் நோ கோ இன்," என்று கைகளாலேயே மூடியைக் கவிழ்த்துக் காட்டினாள். இறந்தகாலம், பன்மை எதுவும் ஒழுங்காக இல்லை. ஆனால் அவள் பேசியது ஆங்கிலம், அப்பா. அதுவரை நான் கேட்டது ஆங்கிலம் அல்ல. அந்த ஜாடிக் கதையையே நான்கு நாள் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு பிழையை மட்டும் திருத்தினேன். இப்போது இரண்டு நிமிடம் போதாமல் பேசுகிறாள்.

பேச்சுத் தேர்வு மதிப்பெண்ணில் உச்சரிப்புக்கும் கால் பங்கு உண்டு. சிச்சுவான் பேச்சில் 'ந'வும் 'ல'வும் கலந்துவிடுவதால், இங்குள்ள பிள்ளைகள் பலருக்கு 'நைட்'டும் 'லைட்'டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. நம் ஊர்ப் பிள்ளைகள் 'பஸ்' என்பதை 'பஸ்ஸு' என்று முடிப்பதை நீங்கள் கண்ணாடி முன் நிறுத்தித் திருத்துவீர்களே, அதே முறையைத்தான் கையாளுகிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் அவர்களுக்கே புரிந்துவிடுகிறது.

இதனால் மனப்பாடமே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். முதல் மணி அடிப்பதற்கு முன் பள்ளி முழுவதும் பிள்ளைகள் நின்றுகொண்டு பாடத்தை உரக்க வாசிக்கிறார்கள். அந்தப் பழக்கம்தான் ஆங்கில வாக்கியத்தின் ஓட்டத்தை அவர்கள் காதில் ஏற்றியிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் நான் கட்டுவதற்கு அடித்தளமே இருக்காது. மொழியை மனப்பாடம் செய்யட்டும், விடையை வேண்டாம் என்பதே என் கட்சி. சக ஆசிரியர்கள் சிலர் இதை ஏற்பதில்லை. தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது பிள்ளைகளை வைத்துப் புது முறையைப் பரிசோதித்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். இரவு பத்து மணி வரை விடுதிக்குப் போகாமல் வகுப்பறையிலேயே படித்துக் களைத்த முகங்களைப் பார்க்கும்போது, அந்தக் கேள்வியை என்னால் எளிதாகத் தள்ளிவிட முடிவதில்லை. ஆனாலும் ஒப்பித்து மாட்டிக்கொள்வதை விடத் தப்பும் தவறுமாகச் சொந்தமாகப் பேசுவது அவர்களுக்கு நல்லது என்றே உறுதியாக நம்புகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வாயே திறக்காத பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் சொன்னதை மற்றவர் வகுப்புக்குச் சொல்லும்படி நீங்கள் ஒரு பயிற்சி நடத்துவீர்கள். அதற்கு என்னென்ன தலைப்புகள் கொடுத்தீர்கள், எத்தனை நிமிடம் விட்டீர்கள் என்று எழுதுங்கள். என் வகுப்பில் இன்னும் ஐந்தாறு பேர் தலையாட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்த மாதத் தேர்வுக்கு முன் அவர்களோடு அதைச் செய்து பார்க்க வேண்டும்.

தங்கள் அன்பு மகள்