டெண்டரில் 'ஓபன் ப்ரோட்டோகால்' என்று எழுதினால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீரேற்று நிலையம், நூற்பாலை, மருத்துவமனை, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று எங்கே டெண்டர் விட்டாலும், மீட்டர்களும் பம்ப் கண்ட்ரோலர்களும் 'ஓபன் ப்ரோட்டோகால்' (கருவிகள் ஒன்றோடொன்று பேச, யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுமுறை) வழியாக இணையத்தில் சேர வேண்டும் என்று இப்போது ஒரு வரி எழுதுகிறார்கள். நல்ல எண்ணத்தில் எழுதுவதுதான். ஒரே கம்பெனியை நம்பிக் கிடக்கக் கூடாது, நாளைக்கு வேறு ஆளைக் கூப்பிட வழி இருக்க வேண்டும். ஆனால் அந்த வரியை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிக் கொடுத்துவிட்டே, பூட்டைப் போட்டுச் சாவியைக் கையோடு கொண்டுபோக ஒரு கம்பெனியால் முடியும். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் பேனல் போர்டுகளில் மிகுதியும் காணக் கிடைப்பது மோட்பஸ் என்ற ப்ரோட்டோகால். மோடிகான் நிறுவனம் 1979-இல் தன் பிஎல்சி எனும் தொழிற்சாலைக் கண்ட்ரோலர்களுக்காக உருவாக்கி, விவரங்களை வெளியே விட்டது. பிறகு அது ஷ்னைடர் எலக்ட்ரிக் கைக்கு வந்து, 2004-இல் மோட்பஸ் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆவணத்தை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உரிமத் தொகை கிடையாது.

செய்தியும் எளிமையானது. ஒரு மீட்டரிடம் இரண்டு ரிஜிஸ்டர் (அளவுகளை வைத்திருக்கும் எண்ணிட்ட அறைகள்) கேட்க வேண்டும் என்றால், ஆர்எஸ்-485 எனும் மீட்டர்களை இணைக்கும் கம்பியில் போவது இவ்வளவுதான்: 01 03 00 00 00 02. முதல் பைட் மீட்டரின் எண். 03 என்றால் 'படித்துச் சொல்'. அடுத்த இரண்டு பைட், எங்கிருந்து. கடைசி இரண்டு, எத்தனை. வாலில் பிழை பார்க்க இரண்டு பைட் சிஆர்சி சேரும். இதையே இணைய வழிமுறையான டிசிபி வழியாக அனுப்பும்போது, கம்பியையும் இணையத்தையும் இணைக்கும் பெட்டியான கேட்வே அந்த வாலை வெட்டிவிடுகிறது. பிழை பார்க்கும் வேலை அங்கே கீழ் அடுக்குகளுடையது. முன்னால் 00 01 00 00 00 06 என்று ஆறு பைட் ஒட்டிக்கொள்கிறது: கேள்வியின் வரிசை எண், எப்போதும் பூஜ்யமாக இருக்க வேண்டிய இரண்டு பைட், இதற்குப் பின் எத்தனை பைட் வருகிறது என்ற கணக்கு. இதற்கான கதவு எண், அதாவது போர்ட், 502. நாற்பது வருடப் பழைய கண்ட்ரோலரை இணையத்தோடு பேசவைக்க இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இதுவரை எல்லாமே திறந்தது. பூட்டு இதற்கு மேல்தான் இருக்கிறது. ரிஜிஸ்டர் 0-வில் இருப்பது வோல்டேஜா, கரண்டா, பம்ப் ஓடிய மணிக்கணக்கா? மோட்பஸ் ஆவணம் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. அது ஒவ்வொரு கம்பெனியும் தன் ஒவ்வொரு மாடலுக்கும் தானே போட்டுக்கொள்ளும் அட்டவணை. ரிஜிஸ்டர் மேப் என்பார்கள். அது கையில் இல்லாதவருக்கு வருவது வெறும் எண்கள்.

மேப் கிடைத்தாலும் அரைகுறையாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு ரிஜிஸ்டர் 16 பிட். தசமப் புள்ளி உள்ள எண்ணுக்கு 32 பிட் வேண்டும் என்பதால் அது இரண்டு ரிஜிஸ்டரில் உட்காரும். 230 வோல்ட் என்பது கணினிகள் தசம எண்களை வைக்கும் ஐஇஇஇ 754 முறையில், பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) 43 66 00 00. எந்த ரிஜிஸ்டர் முதலில் என்று மோட்பஸ் சொல்லாததால் சில மீட்டர்கள் 00 00 43 66 என்று மாற்றி அனுப்பும். அதை நேராகப் படித்தால் கிடைக்கும் எண் பூஜ்யத்துக்கு அவ்வளவு அருகில் இருப்பதால் திரையில் 0.00 என்றே தெரியும். கரண்ட் இருக்கிறது, பம்ப் ஓடுகிறது, திரையில் மட்டும் வோல்டேஜ் இல்லை. ரிஜிஸ்டருக்குள்ளேயே பைட் இடம் மாறி 66 43 00 00 என்று வந்தால் 24 இலக்க எண் ஒன்று வந்து நிற்கும். அது பரவாயில்லை, பார்த்தவுடன் தப்பு என்று தெரிந்துவிடும். பூஜ்யம்தான் ஆபத்து, நம்பத் தகுந்ததாக இருப்பதால்.

40001 குழப்பம் இன்னொன்று. கையேட்டில் 40001 என்று போட்டிருக்கும் ரிஜிஸ்டர், கம்பியில் 0 என்றே போகும். சில கம்பெனிகள் கையேட்டிலேயே 0 என்று போடும், சில 1 என்று போடும். ஒன்று தவறினால் பக்கத்து ரிஜிஸ்டரைப் படிப்போம். மூன்று பேஸ் மின்சாரத்தில் ஆர் பேஸ் வோல்டேஜுக்குப் பதில் ஒய் பேஸ் வரும். இரண்டும் 230 பக்கத்தில்தான் இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

எல்லாத் தரங்களும் இப்படி வழியில் கைவிடுவதில்லை. மின் மீட்டர்களுக்கான டிஎல்எம்எஸ் முறையில் 1.0.1.8.0.255 என்று கேட்டால், எந்தக் கம்பெனி மீட்டராக இருந்தாலும் நுகர்ந்த மொத்த யூனிட்தான் வரும். இந்தியாவில் எந்தெந்த அளவுகள் கட்டாயம் என்பதை 2011-இல் வந்த இந்தியத் தரமான ஐ.எஸ். 15959 வகுத்துவிட்டது. அங்கே பூட்டு வேறு இடத்தில்: பாதுகாப்பு வைத்த மீட்டரைத் திறக்க மறைகுறியீட்டுச் சாவிகள் வேண்டும். அவை சப்ளையரிடமே தங்கிவிட்டால் தரம் இருந்தும் பயனில்லை. ஏசி, லிப்ட் போன்ற கட்டடச் சாதனங்களுக்கான பேக்நெட் 1995-இல் குளிர்சாதனப் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பின் தரமானது. அதில் ஒரு கண்ட்ரோலரைக் கேட்டால் தன்னிடம் உள்ள பொருள்களின் பட்டியலைத் தானே சொல்லும். அதன் யுடிபி போர்ட் 47808. பதினாறடிமானத்தில் எழுதினால் பிஏசி0 (BAC0; BACnet என்ற பெயரின் முதல் மூன்று எழுத்து) என்று வரும், யாரோ ரசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் 'யார் இருக்கிறீர்கள்' என்று அது எல்லோருக்கும் போடும் கூப்பாடு ரவுட்டரைத் தாண்டாது. தாண்ட வைக்க ஒவ்வொரு சப்நெட்டுக்கும் (ரவுட்டரால் பிரிக்கப்பட்ட நெட்வொர்க் பகுதிக்கும்) பிபிஎம்டி என்ற இடைக்கருவி ஒன்று வேண்டும். ஒன்றுதான் வேண்டும், ஒரே சப்நெட்டில் இரண்டு வைத்தால் கூப்பாடு இரட்டித்து நெட்வொர்க் திணறும்.

வீட்டு மாடியில் சோலார் வைப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இன்வெர்ட்டரில் செருகும் வைஃபை டாங்கிள் பெரும்பாலும் தயாரிப்பாளரின் சர்வருக்கே தகவல் அனுப்புகிறது. அந்த சர்வரை மூடினால் செயலியும் இருண்டுபோகும். மோட்பஸுக்கு மேலே பொதுவான ரிஜிஸ்டர் மேப் ஒன்றை வகுத்துக் கொடுத்தது சன்ஸ்பெக் என்ற கூட்டமைப்பு. வாங்கும் முன் 'சன்ஸ்பெக் மோட்பஸ் இருக்கிறதா, அதற்கான போர்ட் வீட்டு நெட்வொர்க்குக்குள் திறந்திருக்கிறதா' என்று கேட்டால் போதும்.

இனி கம்பி. இணையத்தில் கோளாறு என்று வரும் புகார்களில் பல, பேனலுக்குக் கீழே உள்ள இரண்டு கம்பியில் முடியும். ஆர்எஸ்-485 லைன் ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்குச் சங்கிலியாகப் போக வேண்டும்; நடுவில் ஒரு பெட்டியிலிருந்து நாலா பக்கமும் கிளை பிரிக்கக் கூடாது. இரு முனையிலும் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏ, பி கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: 60 ஓமுக்குப் பக்கத்தில் காட்டினால் சரி. 120 காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. 40 என்றால் நடுவில் யாரோ மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். ஏ, பி என்ற பெயரைக் கம்பெனிக்குக் கம்பெனி தலைகீழாக அச்சடிப்பதால், ஒரு மீட்டர் மட்டும் பதில் சொல்லவில்லை என்றால் முதலில் அதன் இரண்டு கம்பியையும் மாற்றிப் பாருங்கள். மூன்றாவதாகப் பொதுக் கம்பியும் வேண்டும். 1,200 மீட்டர் தூரம் வரை ஓடும் என்பது குறைந்த வேகத்துக்கான கணக்கு.

வேகத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 9600 பாட் ரேட்டில், அதாவது நொடிக்கு 9600 பிட் வேகத்தில், ஓர் எழுத்தை (ஒரு பைட்டை) அனுப்ப 11 பிட். பத்து ரிஜிஸ்டர் கேட்க 8 பைட், பதில் 25 பைட். கம்பியில் மட்டும் 38 மில்லிநொடி. மீட்டர் யோசிக்கும் நேரமும் சேர்ந்து 50 என்று வைத்தால் 30 மீட்டரை ஒன்றரை நொடியில் ஒரு சுற்று படித்துவிடலாம். அதில் ஒரே ஒரு மீட்டர் செத்துக் கிடக்கட்டும். ஒரு நொடி காத்திருப்பு, மூன்று முயற்சி என்று கேட்வேயில் வைத்திருந்தால் சுற்றுக்கு மூன்று நொடி கூடும். நல்ல மீட்டர்கள் எல்லாம் அதற்காக வரிசையில் நிற்கும். பதில் சொல்லாத மீட்டரைச் சில நிமிடம் தள்ளிவைக்கும் வசதி கேட்வேயில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இணையப் பக்கம் வந்தால், செய்யவே கூடாத ஒன்று இருக்கிறது. மோட்பஸ் டிசிபிக்குப் பாஸ்வேர்டு கிடையாது. 502-ஐ எட்ட முடிந்த எவரும் படிக்கலாம். 06 என்ற கட்டளையால் எழுதவும் செய்யலாம், அதாவது பம்பை நிறுத்தலாம். ஆனாலும் நிலையான ஐபி உள்ள சிம் வாங்கி, ரவுட்டரில் அந்தப் போர்ட்டைத் திறந்துவிட்டு 'இணைத்தாயிற்று' என்று கையெழுத்து வாங்குகிறார்கள். டிஎல்எஸ் என்ற மறைகுறியீட்டுப் பாதுகாப்பு சேர்த்த மோட்பஸ் 802 போர்ட்டில் உண்டு; பழைய மீட்டர்களுக்கு அது எட்டாது. கேட்வே உள்ளேயிருந்து வெளியே தானே போய் இணைவதுதான் வழி. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999-இல் உருவான எம்கியூடிடி என்ற ப்ரோட்டோகால் இதற்காகவே அமைந்தது போலப் பொருந்தும். டிஎல்எஸ் சேர்த்து, போர்ட் 8883. உள்ளே வர ஒரு கதவும் திறக்க வேண்டாம். பொது ஐபி இல்லாத சாதாரண சிம்மே போதும். பார்க்க மட்டும் தேவையான இடத்தில் 03, 04 தவிர மற்றக் கட்டளைகளைக் கேட்வேயிலேயே மறித்துவிடலாம். ஒரு சின்னக் கண்ணி: கேட்வேயின் கடிகார பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். சர்வரின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று டிஎல்எஸ் மறுக்கும், சிக்னல் முழுசாக இருந்தும் தகவல் போகாது. இணைக்கும் முன், இணையத்திலிருந்து நேரம் வாங்கும் என்டிபி வழியே நேரம் சரிசெய்யப்பட வேண்டும்.

ஆகவே டெண்டரில் அந்த ஒரு வரிக்குப் பதில் இவை வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் முழு ரிஜிஸ்டர் மேப்: எண் 0-விலிருந்தா 1-லிருந்தா, எத்தனை பிட், எது முதலில், எதால் பெருக்க வேண்டும், எந்த அலகு, அத்துடன் சரிபார்க்க மாதிரிக்கு ஒரு மதிப்பு. பேக்நெட் என்றால் பிக்ஸ் எனப்படும் இணக்க அறிக்கை. டிஎல்எம்எஸ் என்றால் சாவிகள். கேட்வேயின் அட்மின் பாஸ்வேர்டும் செட்டிங்ஸ் அடங்கிய கோப்பும். எம்கியூடிடி சர்வர் முகவரியை வாங்கியவரே மாற்றிக்கொள்ளும் உரிமை. இணையம் துண்டிக்கப்பட்டால் ஏழு நாள் தகவலைச் சேமித்துவைக்கும் இடம்; 30 மீட்டர், பத்துப் பத்து அளவு, நிமிடத்துக்கு ஒரு தரம், ஒன்றுக்கு 16 பைட் என்றாலும் நாளுக்கு 7 எம்பிதான், ஆகவே முடியாது என்று சொல்ல இடமில்லை.

ஒப்படைக்கும் நாளில் சப்ளையரின் லேப்டாப்பை மூடச் சொல்லுங்கள். மேப்பை மட்டும் வைத்துக்கொண்டு, வேறொரு கம்பெனியின் கேட்வேயால் பத்து அளவுகளைப் படித்து, மீட்டரின் முகப்பில் தெரிவதோடு ஒப்பிடுங்கள். சிம்மை ஒரு மணி நேரம் கழற்றி வைத்து, திரும்பப் போட்டதும் அந்த ஒரு மணி நேரத் தகவல் அதனதன் நேரத்தோடு வந்து சேர்கிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டரின் கம்பியைப் பிடுங்கி, மற்றவை தாமதிக்கின்றனவா என்று பாருங்கள். வெளியே வேறொரு இணைப்பிலிருந்து 502-ஐத் தட்டிப் பாருங்கள். பதில் வரக் கூடாது. எல்லாம் சேர்ந்து அரை நாள் வேலை. கடைசித் தவணைப் பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

இப்படிக்கு,
தொழிற்சாலைக் கருவியியல் பொறியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.